மாக் எண்ணுக்குப் பயந்தவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

ஏர்லைன் விமானிப் படிப்பைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று எழுதியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டே பாடங்களைச் சுற்றித்தான்: ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் பறக்கும்போது காற்று என்ன செய்கிறது என்பது ஒன்று, பெரிய விமானத்தின் வயிற்றுக்குள் ஓடும் குழாய்களும் கம்பிகளும் இன்னொன்று. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வானிலை, விமானச் சட்டம் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்குத் தனியாக ஒரு முறை ஒதுக்கலாம்.

கேள்வி: சார், சின்ன பிஸ்டன் விமானத்தில் கமர்ஷியல் லைசென்ஸ் முடித்துவிட்டேன். ஏர்லைன் தேர்வுக்கான புத்தகத்தைத் திறந்தால் எடுத்த எடுப்பிலேயே மாக், கிரிட்டிகல் மாக், ஷாக் வேவ், பஃபெட் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இதுவரை படித்த ஏரோடைனமிக்ஸ் எதுவும் இங்கே செல்லாது போலிருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: வெப்பநிலையில் தொடங்குங்கள். ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றின் வெப்பநிலைதான், அழுத்தமோ உயரமோ அதில் நேரடியாகத் தலையிடுவதில்லை. நியம வளிமண்டலத்தில் (கணக்குக்காக ஒத்துக்கொண்ட மாதிரி வளிமண்டலம்) கடல் மட்டத்தில் 15 டிகிரி. அங்கே ஒலி 661 நாட் (மணிக்கு 661 கடல் மைல்) வேகத்தில் போகிறது. 36,000 அடிக்குச் சற்று மேலே மைனஸ் 56.5 டிகிரி, அங்கே அதே ஒலி சுமார் 573 நாட்டுக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் உண்மையான வான்வேகத்தை, அதாவது டிஏஎஸ்ஸை, அந்த இடத்து ஒலி வேகத்தால் வகுத்தால் வருவது மாக் எண். ஆக, வேகத்தைத் தொடாமலேயே மேலே ஏறிக் குளிர்ந்த காற்றுக்குள் போனால் போதும், மாக் எண் கூடிவிடும். இது மனதில் நன்றாக உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஐம்பது பக்கம் பெரிய தொந்தரவு இல்லாமல் நகரும்.

சரி, ஒலியின் வேகத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? விமானம் வருகிறது என்ற சேதி அழுத்த அலையாக முன்னால் போய்க் காற்றை விலகச் சொல்கிறது, ஊர்வலத்துக்கு முன்னால் வழிவிடச் சொல்லி ஓடுகிற ஆள் மாதிரி. அந்த ஆள் ஓடுவது ஒலியின் வேகத்தில். நீங்கள் மெதுவாகப் போனால் காற்றுக்கு ஒதுங்க நேரம் இருக்கிறது, வேகம் கூடக்கூட அந்த நேரம் குறைந்து, ஒதுங்க வேண்டிய காற்று நெருக்கப்படுகிறது. சின்ன விமானத்துக்கான சூத்திரங்களை எல்லாம் காற்று நெருங்காது என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள். மாக் 0.4 வாக்கில் அந்தச் சலுகை முடிகிறது. நீங்கள் படித்தது பொய்யாகிவிடவில்லை, அதற்கு ஓர் எல்லை இருந்தது, அதைத் தாண்டி வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது இறக்கைக்கு வாருங்கள். மேற்பரப்பில் காற்று வேகமெடுக்கும் என்பது தெரிந்த கதை. அப்படியானால் விமானம் 0.75-ல் போகும்போதே இறக்கையின் மேல் எங்கோ ஓரிடத்தில் காற்று 1.0-ஐத் தொட்டுவிட வாய்ப்புண்டு. அப்படி முதன்முதலில் தொடுகிற நேரத்தில் விமானத்தின் மாக் எண் எதுவோ அதுதான் கிரிட்டிகல் மாக். விமானமே ஒலி வேகத்தை எட்டும் புள்ளி என்று நினைத்துக்கொண்டுதான் பலர் இங்கே வழுக்குகிறார்கள். அந்த எண்ணைத் தாண்டியதும் இறக்கைமேல் ஒரு சூப்பர்சானிக் திட்டு உருவாகிறது, திட்டு முடியும் இடத்தில் காற்று சடாரென்று வேகம் இழக்கிறது, அந்த எல்லைதான் ஷாக் வேவ். முடியின் தடிமனைவிடக் குறைவான தூரத்துக்குள் அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றும் எகிறுகின்றன. வேகமும் மாக் எண்ணும் விழுகின்றன. மொத்த அழுத்தத்தில் (காற்றை நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தம்) ஒரு பங்கு வீணாகிறது. மொத்த வெப்பநிலை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த வாக்கியத்தைத் தேர்வில் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்காமல் விடமாட்டார்கள்.

ஷாக் வந்தபின் நடப்பதெல்லாம் சங்கிலித் தொடர். ஷாக்கின் காலடியில் பவுண்டரி லேயர், அதாவது இறக்கையை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம், பிய்ந்துகொள்கிறது, டிராக் என்ற காற்றின் இழுவை கிடுகிடுவென்று ஏறுகிறது, பிய்ந்த காற்று பின்பக்கம் அடித்து விமானத்தை உலுக்குகிறது, அதுதான் ஹை ஸ்பீடு பஃபெட். வேகம் இன்னும் கூடினால் மேற்பரப்பு ஷாக் பின்னோக்கி நகர்கிறது, லிப்ட்டின் (மேலே தூக்கும் விசையின்) மையமும் அதோடு பின்னால் போகிறது, இறக்கையிலிருந்து வாலுக்கு வரும் டவுன்வாஷ் (கீழ்நோக்கிய காற்றோட்டம்) குறைகிறது; எல்லாம் சேர்ந்து மூக்கைக் கீழே சாய்க்கின்றன. மூக்கு சாய்ந்தால் வேகம் கூடும், கூடினால் இன்னும் சாயும். இதற்குப் பெயர் மாக் டக். 1940-களின் தொடக்கத்தில் லாக்ஹீட் பி-38 போர் விமானிகள் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்துவிட்டு, கன்ட்ரோலை எவ்வளவு இழுத்தும் மூக்கு எழாமல் தவித்தது இதில் மாட்டித்தான். கீழே வந்தபிறகு சிலருக்கு விமானம் மறுபடி பேச்சைக் கேட்டது. கீழே காற்று அடர்த்தியானது, வெதுவெதுப்பானதும்கூட. அடர்த்தி டிராக்கைக் கூட்டி வேகத்தைப் பிடித்துவைக்கிறது, வெப்பம் ஒலி வேகத்தை உயர்த்துகிறது, இரண்டும் சேர்ந்து மாக் எண்ணை இறக்கிவிடுகின்றன. முதல் பத்தியில் சொன்ன வெப்பநிலை இங்கே உயிரைக் காப்பாற்றுகிற அளவுக்கு வந்துவிட்டது, பாருங்கள்.

கேள்வி: ஒரே சிஏஎஸ்ஸில் (வேகமானி காட்டும் வேகம், பிழை திருத்தியது) ஏறினால் மாக் என்ன ஆகும், ஒரே மாக்கில் ஏறினால் டிஏஎஸ் என்ன ஆகும் - இந்த வகைக் கேள்விகளில் எனக்கு எப்போதும் பாதிதான் சரியாக வருகிறது. குறுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ஒருமுறையாவது எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். நியம வளிமண்டலத்தில் 300 நாட் சிஏஎஸ்ஸில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். 10,000 அடியில் டிஏஎஸ் சுமார் 345 நாட், மாக் 0.54. அதே 300 நாட்டைப் பிடித்துக்கொண்டு 29,000 அடியைத் தாண்டும்போது டிஏஎஸ் 460-ஐ ஒட்டி, மாக் 0.78. இந்த இடத்தில் சிஏஎஸ்ஸை விட்டுவிட்டு மாக் 0.78-ஐப் பிடித்துக்கொள்கிறீர்கள், இதுதான் கிராஸ்ஓவர் உயரம். அதன்பிறகு 36,000 அடி வரை ஏறினால், காற்று குளிர்வதால் டிஏஎஸ் சுமார் 448-க்கு இறங்குகிறது, சிஏஎஸ்ஸோ 258-க்கு வந்துவிடுகிறது. ட்ரோபோபாஸுக்கு, அதாவது உயரத்தோடு குளிர்வது நிற்கும் எல்லைக்கு, மேலே வெப்பநிலை மாறாத அடுக்கில் மாக்கைப் பிடித்தால் டிஏஎஸ்ஸும் அப்படியே நிற்கும், சிஏஎஸ் மட்டும் தொடர்ந்து இறங்கும்.

குறுக்கு வழி இதுதான்: சிஏஎஸ், டிஏஎஸ், மாக் என்று இடமிருந்து வலமாக மூன்று கோடுகள், கீழே ஒரு புள்ளியில் சேர்ந்து மேலே விசிறிபோல விரிகிற மாதிரி வரையுங்கள். எது மாறாமல் இருக்கிறதோ அந்தக் கோட்டைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மற்றவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தால் ஏறும்போது என்ன நடக்கும் என்பது வந்துவிடும்: வலப்பக்கம் கூடுகிறது, இடப்பக்கம் குறைகிறது. இறங்கும்போது அதையே மேலிருந்து கீழே படியுங்கள். வெப்பநிலை தலைகீழாகப் போகும் இன்வெர்ஷனில் டிஏஎஸ் கோடும் மாக் கோடும் இடம் மாறிக்கொள்ளும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், கேள்வி எழுதுகிறவர்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஏர்பஸ் ஏ320-க்கு விஎம்ஓ (நாட்டில் உச்ச வேகம்) 350 நாட், எம்எம்ஓ (மாக்கில் உச்ச வேகம்) 0.82. இரண்டு உச்சவரம்பு எதற்கு என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கீழே அடர்த்தியான காற்றில் விமானத்தின் உடம்பைத் தாக்குவது காற்றின் அழுத்தம், ஆகவே நாட்டில் வரம்பு. மேலே அழுத்தம் குறைவு ஆனால் ஷாக் வருகிறது, ஆகவே மாக்கில் வரம்பு. இறங்கும்போது மாக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் எந்த வரம்பை முதலில் இடிப்பீர்கள் என்று மேலே வரைந்த விசிறியை வைத்துச் சொல்லிப் பாருங்கள். விஎம்ஓ என்று வந்தால் சரி.

கேள்வி: இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தால் அதிக வேகத்தில் போகலாம் என்றால், எல்லா விமானத்தையும் நன்றாகச் சாய்த்துக் கட்டிவிட வேண்டியதுதானே?

பதில்: நல்ல கேள்வி, பாடத்தின் பாதி இதற்குள் இருக்கிறது. 1935-ல் ரோமில் நடந்த வோல்டா மாநாட்டில் அடால்ஃப் புசெமான் என்ற ஜெர்மானியர் இந்த யோசனையை முன்வைத்தார். சாய்ந்த இறக்கைக்குக் காற்று முழுவேகத்தில் தெரிவதில்லை, முன்விளிம்புக்குச் செங்குத்தாக வரும் கூறுதான் அழுத்தப் பரவலைத் தீர்மானிக்கிறது, ஆகவே கிரிட்டிகல் மாக் உயர்கிறது. கணக்குப்படி கிடைக்க வேண்டிய லாபம் முழுதாகக் கைக்கு வருவதில்லை, ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும் என்று பாடநூல்கள் சொல்லும். அப்படியும் போயிங் 747-க்கு 37.5 டிகிரி சாய்வு கொடுத்தார்கள், வேகமாகப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டு. ஏ320 25 டிகிரியோடு நிறுத்திக்கொண்டது.

விலை என்னவென்றால், மெதுவாகப் பறக்கும்போது அதே இறக்கை மக்கு. அதே பரப்பு, அதே வேகத்துக்கு லிப்ட் குறைவு, ஆகவே முன்விளிம்பில் ஸ்லாட், பின்விளிம்பில் இரண்டு மூன்று அடுக்கு ஃபிளாப் என்று கனமான இயந்திரம் தேவை, அவற்றை நகர்த்த ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) வலு தேவை. பவுண்டரி லேயர் நுனியை நோக்கி ஒதுங்குவதால் நுனி முதலில் ஸ்டால் ஆக, அதாவது காற்று பிய்ந்து லிப்ட்டை இழக்க, விரும்புகிறது. நுனி பின்னால் இருப்பதால் அங்கே லிப்ட் போனதும் மூக்கு மேலே தூக்குகிறது, ஸ்டாலில் ஒருபோதும் நடக்கக்கூடாத திசை. அப்புறம் டச்சு ரோல்: விமானம் கொஞ்சம் யா ஆனால் (மூக்கு இடவலமாகத் திரும்பினால்) முன்னால் வருகிற இறக்கையின் சாய்வு காற்றுக்குக் குறைவாகத் தெரிந்து அங்கே லிப்ட் கூடுகிறது, ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) வருகிறது, இழுவையால் திரும்ப யா, இப்படியே ஊசலாட்டம். 1959-ல் போயிங் 707 ஒன்றில் பயிற்சிக்காக டச்சு ரோலைச் செய்துகாட்டப் போய் அளவு மீறி, இறக்கையிலிருந்து இன்ஜின்களே பிய்த்துக்கொண்டு போயின. யா டாம்பர் என்ற சின்னப் பெட்டி விமானி உணருமுன்பே ரட்டரை (வாலில் திசைதிருப்பும் பலகையை) தட்டித்தட்டி இதை அடக்குவது இதற்காகத்தான்.

1960-களில் நாசாவின் ரிச்சர்ட் விட்காம் வேறு பக்கமிருந்து வந்தார். மேற்பரப்பைத் தட்டையாக்கிப் பின்பகுதியில் கீழ்ப்பக்கம் வளைத்தால் சூப்பர்சானிக் திட்டு இருந்தாலும் அது முடியும் இடத்தில் ஷாக் வலுவிழந்து நிற்கும். சூப்பர்கிரிட்டிகல் இறக்கை என்று இதற்குப் பெயர். இன்றைய விமானங்கள் 747 அளவுக்குச் சாயாமலே நல்ல வேகத்தில் போவதற்கு இந்த வடிவம்தான் பெரிய காரணம்.

கேள்வி: காஃபின் கார்னர் என்று பயமுறுத்துகிறார்களே, பயணிகள் விமானத்துக்கு அது நிஜமா?

பதில்: முனை வரைக்கும் யாரும் கொண்டுபோவதில்லை. உயரம் கூடக்கூட ஸ்டால் மாக் எண் ஏறுகிறது, ஷாக்கால் வரும் பஃபெட்டின் எல்லை இறங்குகிறது, இரண்டும் சந்திக்கும் உயரம்தான் அந்த மூலை. ஏர்லைன் விமானங்கள் பொதுவாக 1.3ஜி (எடையைப்போல் 1.3 மடங்கு விசை) தாங்கும் இடைவெளி விட்டுத்தான் பறக்கும் உயரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. 1.3ஜி என்றால் சுமார் 40 டிகிரி சாய்ந்து திரும்புவதற்குச் சமம். எடை கூடினால் இடைவெளி சுருங்கும், அதனால்தான் நெடுந்தூர விமானம் எரிபொருளை எரித்து எடை குறைந்தபிறகு படிப்படியாக ஏறுகிறது. ஆனால் ஒன்று: மேலே மெல்லிய காற்றில் கன்ட்ரோலைக் கொஞ்சம் இழுத்தாலும் மூக்கு அதிகம் எழும். 2009 ஜூன் 1-ல் அட்லாண்டிக் மேல் ஏ330 ஒன்றின் பிட்டோ குழாய்களில் பனிப்படிகம் அடைத்து வேகம் காட்டுவது குழம்பியபோது, மூக்கைத் தூக்கிச் சுமார் 38,000 அடிக்கு ஏறி ஸ்டால் ஆகி 228 பேர் இறந்தார்கள். அங்கே அதிவேகப் பக்கத்துக்குப் பயந்து குறைவேகப் பக்கத்தில் விழுவது எளிது.

கேள்வி: ஏரோடைனமிக்ஸை ஒருவழியாகப் படித்துவிடுவேன். சிஸ்டம்ஸ்தான் மலையாக நிற்கிறது. எத்தனை பிஎஸ்ஐ (அழுத்த அளவு), எத்தனை வோல்ட், எந்த வால்வு எந்த டிகிரியில் மூடும் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவேண்டுமா? எதை முதலில் முடிப்பது?

பதில்: இரண்டையும் தனித்தனி மலையாகப் பார்க்கவேண்டாம் என்பதுதான் என் பிடிவாதம். சிஸ்டம்ஸ் புத்தகத்தில் இருக்கும் பெட்டிகளில் பலவும் ஏரோடைனமிக்ஸ் புத்தகத்தில் இருக்கும் ஏதோ ஒரு சிக்கலுக்குப் பதிலாகப் பிறந்தவை. மாக் டக்கைப் படித்த அன்றே மாக் ட்ரிம்மைப் படியுங்கள். போயிங் 737-ல் அது மாக் 0.615-க்கு மேல் எலிவேட்டரை (வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் பலகையை) தானே திருத்திக்கொடுக்கிறது. டச்சு ரோலோடு யா டாம்பர். ஷாக் எலிவேட்டரின் கீல் அருகே உட்கார்ந்து அதைச் செயலிழக்கச் செய்தபோது பெல் எக்ஸ்-1-ல் முழு ஸ்டெபிலைசரையும் (வாலின் கிடை இறக்கையை) நகர்த்தித்தான் சமாளித்தார்கள், 1947-ல் சக் யேகர் ஒலி வேகத்தைக் கடந்தது அந்த வசதியோடு. அதைப் படித்த கையோடு ஜெட் விமானத்தின் நகரும் ஸ்டெபிலைசரைப் படியுங்கள். அதிவேகத்தில் இறக்கை நுனியில் ரோலுக்கான பலகையான ஏலரான் இறக்கையையே முறுக்கி ரோலைத் தலைகீழாக்கக்கூடும் என்று புரிந்தால், 747, 767 போன்றவற்றில் வெளிப்புற ஏலரான் வேகத்தில் பூட்டிக்கொள்வது தனிச் செய்தியாக மனதில் நிற்கத் தேவையே இல்லை.

மனப்பாடம் செய்யவேண்டிய எண்கள் உண்டு, ஆனால் கொஞ்சம். மின்சாரம் 115 வோல்ட் ஏசி, 400 ஹெர்ட்ஸ், 28 வோல்ட் டிசி. 400 ஏன் என்றால் அதிர்வெண் கூடினால் ட்ரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் சின்னதாக, எடை குறைவாக வரும். ஹைட்ராலிக் 3000 பிஎஸ்ஐ, ஏ380, 787, ஏ350 போன்றவற்றில் 5000, இதற்கும் காரணம் எடைதான். கேபின் உயரம் அதிகபட்சம் 8000 அடி, 787-லும் ஏ350-லும் 6000 வாக்கில். மற்ற எண்களை நீங்கள் ஓட்டப்போகும் விமானத்தின் டைப் ரேட்டிங்கில் (அந்த வகை விமானத்துக்கான தனிப் பயிற்சி) மறுபடி முதலிலிருந்து கற்றுத்தருவார்கள்.

ஒவ்வொரு சிஸ்டத்திடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உனக்கு வலு எங்கிருந்து வருகிறது, அது நின்றால் யார் யார் உன்னோடு போவார்கள்? மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சுழலும் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதிர்வெண்ணோ மாறக்கூடாது, ஆகவே நடுவில் வேகத்தைச் சமன்செய்யும் ஒரு டிரைவ், அதற்குத் தன் எண்ணெய், எண்ணெய் சூடானால் விமானி அதைக் கழற்றிவிடலாம், ஆனால் மறுபடி மாட்ட முடியாது, தரையிறங்கித்தான் ஆகவேண்டும். ஒரு ஜெனரேட்டர் போனால் மற்றது இரண்டு பக்கத்தையும் தாங்கும், கேலி எனப்படும் விமானச் சமையலறையின் அடுப்புகளைத்தான் முதலில் அணைப்பார்கள். எல்லாம் போனால் பேட்டரி, கூடவே பெரிய விமானங்களில் வயிற்றிலிருந்து வெளியே விழுந்து காற்றில் சுழலும் ராம் ஏர் டர்பைன். 1983-ல் எரிபொருள் அளவைக் கிலோவுக்குப் பதில் பவுண்டில் கணக்கிட்டுவிட்டு நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றுபோன 767 ஒன்று, கனடாவின் கிம்லியில் பழைய விமானத்தளத்தில் சறுக்கி இறங்கியது அந்தச் சின்னக் காற்றாடி கொடுத்த ஹைட்ராலிக் வலுவோடுதான். 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏ320-ல் கேப்டன் செய்த முதல் காரியங்களில் ஒன்று ஏபியுவை, அதாவது வாலில் இருக்கும் துணை இன்ஜினை, கிளப்பியது. அவசரகாலச் செயல்பட்டியலில் அந்த வரி வருமுன்பே செய்ததால் மின்சாரம் அறாமல் ஃபிளை-பை-வயர் (கணினி வழிக் கட்டுப்பாடு) பாதுகாப்புகளும் கடைசிவரை நின்றன. யார் போனால் யார் போவார்கள் என்பது கையில் ஊறிப்போன ஆளுக்கு மட்டும் வருகிற காரியம் அது.

ஹைட்ராலிக்கில் மூன்று சிஸ்டம் இருக்கிறதே, மூன்றும் ஒன்றாகவா போய்விடும் என்று தோன்றும். 1989 ஜூலை 19-ல் டிசி-10 ஒன்றின் வால் இன்ஜினில் ஃபேன் வட்டு வெடித்துச் சிதறியது, மூன்று சிஸ்டத்தின் குழாய்களும் வாலில் பக்கத்துப் பக்கத்தில் ஓடியதால் மூன்றும் அறுந்தன. இறக்கையில் இருந்த இரண்டு இன்ஜின்களின் த்ரஸ்ட்டை (தள்ளுவிசையை) கூட்டிக் குறைத்தே விமானத்தை அமெரிக்காவின் சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். சிஸ்டம் வரைபடத்தில் மூன்று நிறத்தில் தனித்தனியாகத் தெரிவது விமானத்துக்குள் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்க்கும் பழக்கம் இதிலிருந்து வரவேண்டும். உடைந்த இடத்தில் எண்ணெய் முழுதும் வடிந்துவிடாமல் நிறுத்தும் ஹைட்ராலிக் ஃப்யூஸ் அதன்பிறகு டிசி-10-ல் சேர்க்கப்பட்டது.

நியூமாட்டிக்கில், அதாவது அழுத்தக் காற்று சிஸ்டத்தில், பலருக்குத் தடுக்குவது பேக் என்ற குளிரூட்டி. இன்ஜின் கம்ப்ரஸரிலிருந்து எடுக்கும் பிளீட் ஏர் 200 டிகிரி போலக் கொதித்துக்கொண்டு வருகிறது, அதை எப்படிக் குளிர்காற்றாக்குகிறார்கள், ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ்கூட இல்லையே? வெளிக்காற்றைக் கொண்டு கொஞ்சம் ஆறவைத்து, மறுபடி அழுத்தி, மறுபடி ஆறவைத்து, ஒரு டர்பைன் வழியாக விரியவிடுகிறார்கள். விரியும்போது காற்று டர்பைனைச் சுழற்றி வேலை செய்கிறது, செய்த வேலைக்கான சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே கொடுக்கிறது, உறைநிலைக்கும் கீழே போகிறது. அந்த டர்பைன் சுழற்றுவது வேறு எதையும் அல்ல, சற்றுமுன் காற்றை அழுத்திய அதே கம்ப்ரஸரைத்தான். எனக்குப் பெரிய விமானத்தில் மிகவும் பிடித்த இயந்திரம் இது. அழுத்தம் எப்படி நிற்கிறது என்றால், காற்றை உள்ளே தள்ளுவது ஏறக்குறைய ஒரே அளவில், வெளியேறுவதைத்தான் அவுட்ஃப்ளோ வால்வு கட்டுப்படுத்துகிறது. 2005 ஆகஸ்ட் 14-ல் 737-300 ஒன்றில் அந்தக் கட்டுப்பாட்டு சுவிட்ச் ஆட்டோவுக்குப் பதில் மேனுவலில் இருந்தது, ஏறும்போது கேபின் அழுத்த அலாரம் அடித்தது, அதே சத்தம்தான் தரையில் டேக்ஆஃப் அமைப்பு தவறாக இருந்தாலும் அடிக்கும், விமானிகள் அதையென்று நினைத்துக்கொண்டு விவாதித்திருக்கும்போதே ஆக்சிஜன் குறைந்து மயங்கினார்கள். 121 பேரும் இறந்தார்கள். சத்தங்கள் பட்டியலைச் சலிப்பான பக்கம் என்று தாண்டிவிடாதீர்கள்.

கேள்வி: நான் விமானி இல்லை, பயணி. ஏ320-ல் உட்கார்ந்திருக்கும்போது கீழே நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன?

பதில்: பிடியு, பவர் ட்ரான்ஸ்ஃபர் யூனிட். பச்சை, மஞ்சள் என்று பெயரிட்ட இரண்டு ஹைட்ராலிக் சிஸ்டங்களுக்கு இடையே அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐ வாக்கில் ஆனதும், ஒன்றின் வலுவைக் கொண்டு மற்றதை ஏற்றிவிடும். ஒரு இன்ஜின் மட்டும் ஓடும்போது விட்டுவிட்டு இயங்கும், அதனால் அந்தக் குரைப்பு. எண்ணெய் மட்டும் ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்லை, சுழற்சிதான் போகிறது. தேர்வு எழுதுகிறவர்களும் இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேள்வி வங்கியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாலே பாஸாகிவிடலாம் என்று சீனியர் அண்ணா சொல்கிறார். சரியா?

பதில்: பாஸாகலாம், அண்ணா பொய் சொல்லவில்லை. ஆனால் இண்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருக்கும் கேப்டன் நான்கு விடையும் கொடுத்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லமாட்டார், ஏன் என்பார், நீங்கள் ஒரு காரணம் சொன்னதும் அதற்கு ஏன் என்பார், பெரும்பாலும் மூன்றாவது ஏன்-இல் ஆள் நின்றுவிடுவார். முதலில் பாடத்தைப் படித்து, வெள்ளைத்தாளில் சிஸ்டத்தை நினைவிலிருந்து வரைந்து, அதன்பிறகு வங்கிக்கு வாருங்கள். தப்பான விடையைக் கண்டால் சரியானதைப் பார்த்துவிட்டு நகராமல், மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

கேள்வி: 36,000 அடியில் வெளியே மைனஸ் 56 டிகிரி என்கிறார்கள், காக்பிட்டில் டிஏடி என்று மைனஸ் 28 காட்டுவதைப் படத்தில் பார்த்தேன். எது உண்மை? இது விமானிக்கு எதற்கு?

பதில்: இரண்டும் உண்மை. மைனஸ் 56 என்பது அமைதியாக இருக்கும் காற்றின் வெப்பநிலை, எஸ்ஏடி. உணர்கருவியில் வந்து மோதும் காற்று நின்றுபோய் அழுத்தப்படுவதால் சூடேறுகிறது, அப்படிக் கிடைக்கும் மொத்த வெப்பநிலைதான் டிஏடி. அந்தக் கணக்கு: கெல்வினில் வெப்பநிலையை, மாக்கின் வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்குங்கள். 0.8 மாக்குக்கு அது 1.128, சுமார் 217 கெல்வின் 244-ஐத் தாண்டுகிறது. ஆக கிட்டத்தட்ட 28 டிகிரி ஏற்றம், நீங்கள் பார்த்த எண் வந்துவிட்டது.

எதற்கு என்றால், இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் பறக்கும்போது மெல்லக் குளிர்ந்து போய்ச் சேரும் இடம் டிஏடிக்குப் பக்கத்தில்தான். ஜெட் ஏ-1 உறைநிலை மைனஸ் 47, ஜெட் ஏ மைனஸ் 40. துருவத்தை ஒட்டிய நீண்ட பாதையில் காற்று நியமத்தைவிடக் குளிராக இருந்தால் எரிபொருள் அந்த எண்ணை நெருங்கும், எச்சரிக்கை வரும். அப்போது விமானிக்கு இரண்டு வழி: வெதுவெதுப்பான உயரத்துக்கு மாறுவது, இல்லை வேகத்தைக் கூட்டுவது. மாக் 0.01 கூட்டினால் டிஏடி அரை டிகிரிக்கு மேல், 0.7 வரை ஏறும். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அது உடனே சூடாகவும் செய்யாது, டாங்கில் டன் கணக்கில் இருப்பது அசைய ஒரு மணி நேரம் போலப் பிடிக்கும். அதனால் எச்சரிக்கை வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எண்ணைப் பார்த்துக்கொண்டே வருவார்கள்.